10 கிலோ கார்பன் சைக்கிள் கட்டி முடித்தாயிற்று, ஏற்றத்தில் ஒரு 'டிக்' சத்தம் மட்டும் போக மாட்டேன் என்கிறது

குளச்சல்காரன்
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே கேள்வி கேட்டே உங்கள் உயிரை வாங்கியவன் நான்தான். ஒருவழியாக வண்டி கட்டி முடிந்தது. 29 இஞ்ச் வீல், பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில், முன்னால் 120 மி.மீ. அமுங்குகிற ஃபோர்க். பெடலோடு சேர்த்து 10 கிலோ 130 கிராம். பழைய அலுமினிய வண்டி 14 கிலோ 200. அம்மா இதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு காசு, உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். அது உண்மையும்கூட, உள்ளே காற்றுதான்.

எடை கேட்டவர்களுக்கு: ஃப்ரேம் 1,150 கிராம், ஃபோர்க் 1,620, இரண்டு வீலும் 1,640, டயர் ஒன்று 680, ஷிமானோ எக்ஸ்டி 12 பல்சக்கர கேசட் 470. எல்லாம் மாமா கடையில் மிளகு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தது. ஹேண்டில்பார் கார்பன், 760 மி.மீ. அகலம், 185 கிராம். காசு தீர்ந்துபோனதால் சீட் போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கி ஃப்ரேமுக்குள் இறங்குகிற குழாய்) சீட்டும் மட்டும் பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டவை. சீட் போஸ்ட் அலுமினியம், 265 கிராம். அளவு சரியாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஃப்ரேம் வந்த பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் 'டண் டண்' என்று ஒரே மாதிரி கேட்டது, எங்கேயும் மந்தமாக இல்லை. அப்புறம்தான் மூச்சு வந்தது.

பூட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோர்க் கழுத்தை அளந்து வெட்டினேன் (இரண்டு தடவை அளந்தேன், மூன்றாவது தடவை மச்சானை அளக்கச் சொன்னேன்). பிரேக் ஓஸ் வெட்டி மினரல் ஆயில் விட்டு ஏர் எடுத்தேன், அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட் நான்கையும் டார்க் ஸ்பேனரில் 5 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். அந்த ஸ்பேனர் 'கிளிக்' என்று சொன்னதும் கை தானாக நிற்கப் பழகிக்கொண்டது, முன்பெல்லாம் "நல்லா இறுகட்டும்" என்று இன்னும் ஒரு கால் சுற்று போடுகிற ஆள் நான்.

இன்று காலை குலசேகரம் பக்கம் அத்தானின் ரப்பர் விளையில் (தோட்டத்தில்) ஓட்டிப் பார்த்தேன். ஏறுவது என்றால் என்ன என்று இன்றுதான் தெரிந்தது. மிதித்தால் வண்டி யோசிக்காமல் முன்னே போகிறது. ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, இறங்கும்போது இரண்டு மரத்துக்கு நடுவே நுழைந்தேன், ஹேண்டில் முனை மரத்தில் ரப்பர் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையில் இடித்து, கம்பியோடு சிரட்டை எகிறி, பால் முழுக்க முன் வீலில். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா நிறைய சொன்னாள்.

இரண்டாவதுதான் முக்கியம். ஏற்றத்தில் பலமாக மிதித்தால், வலது கால் கீழே போகும்போது 'டிக்'. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக். மிதிக்காமல் உருளவிட்டால் சத்தம் இல்லை. பி.பி.தானே (பாட்டம் பிராக்கெட், இரண்டு கிராங்கையும் இணைக்கிற அச்சு சுழலும் பேரிங்)? வேறு எதுவாக இருக்க முடியும்?


நாகர்கோவில் நட்டுபோல்ட்டு
ஞாயிறு, இரவு 9.48

முதலில் வாழ்த்துகள் தம்பி. பாதிப் பேர் பெட்டியைப் பிரித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மிதிக்கும்போது மட்டும் வருகிறது என்பதால் பி.பி. என்று முடிவு கட்டாதீர்கள். கார்பன் ஃப்ரேம் தபேலா மாதிரி. எங்கே தட்டினாலும் நடுவில்தான் கேட்கும். பின் அச்சில் வருகிற சத்தம் காலுக்கு அடியில் வருவது போலவே இருக்கும். நான் ஒரு தடவை பி.பி.யை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டு, கடைசியில் பெடல் திருகில் கிரீஸ் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். வெட்கக்கேடு.

கேள்விகள்: பி.பி. திருகுகிற வகையா, அடித்து இறக்குகிற பிரஸ்ஃபிட்டா? பின் அச்சில் கிரீஸ் போட்டீர்களா? செயின்ரிங் போல்ட்? பின்னால் கியர் மாற்றுகிற டீரெய்லரைத் தொங்கவிடும் ஹேங்கர் போல்ட் இறுகியிருக்கிறதா? ரொம்ப முக்கியமானது: உட்கார்ந்து மிதித்தால் வருகிற டிக், எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறதா?

நாணயம் தட்டிப் பார்த்தது நல்லதுதான். ஆனால் அதுவே தீர்ப்பு இல்லை. பெட்டி நசுங்கிய பக்கத்தில் இருந்த குழாயை வெயிலில் சாய்த்துப் பிடித்து முடி மாதிரி கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள், விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கீறல் நகத்தில் தட்டாமல் போகும், நார் விட்டிருந்தால் நகம் மாட்டும்.


வடசேரி வண்டிக்காரன்
ஞாயிறு, இரவு 10.15

நான் ஒரு கணக்குப் போட்டேன், யாரும் கோபப்படக் கூடாது. குளச்சல்காரன் 74 கிலோ என்று முன்பு எழுதியிருந்தார். பழைய வண்டியோடு 88 கிலோ, புதியதோடு 84. 300 மீட்டர் உயரம் ஏற வேண்டும், காலில் 200 வாட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்க மட்டும் 88 கிலோவுக்கு 21 நிமிடம் 35 விநாடி, 84 கிலோவுக்கு 20 நிமிடம் 36 விநாடி. ஒரு நிமிடம் மிச்சம். ஒரு நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம். ராத்திரி புரோட்டாவை நிறுத்தினால் அந்த 4 கிலோ சும்மாவே குறையும்.

நான் 1989-இல் வாங்கிய இரும்பு வண்டியில் இன்றும் வடசேரி சந்தைக்குப் போய் ஒரு மட்டிப்பழக் குலையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறேன். டிக் சத்தம் வரும், மணி அடிக்க வேண்டிய வேலை மிச்சம்.


குளச்சல்காரன்
ஞாயிறு, இரவு 10.31

அண்ணாச்சி, கணக்கு சரி. ஆனால் விளைக்குள் ஏறுவது ரோட்டில் ஒரே சீராக ஏறுவது மாதிரி இல்லையே. பத்தடிக்கு ஒரு வேர், சரிவில் படி படியாக வெட்டிய ஒரு பிளாட்ஃபாரத்திலிருந்து அடுத்ததற்கு எம்பி ஏறணும், வளைவில் நின்று மறுபடியும் கிளம்பணும். முன் வீலைத் தூக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த 4 கிலோ தெரிகிறது. புரோட்டா விஷயம் பேச வேண்டாம்.

நட்டுபோல்ட்டு அண்ணே, பி.பி. திருகுகிற வகை, 73 மி.மீ. அச்சில் கிரீஸ் போட்டேன். நின்று மிதித்தால் பின் டயர் காய்ந்த இலையில் வழுக்குகிறது, அதனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வந்த மாதிரிதான் நினைவு.


விளைக்காரி
திங்கள், காலை 6.20

இப்போதுதான் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தேன், முதல் செய்தியே சிரட்டையைத் தட்டியது. உன் அக்கா சொன்னதெல்லாம் நியாயம்.

தம்பி, தை மாதம் ரப்பர் விளையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தை நினைவில் வைக்கணும். இலை உதிர ஆரம்பித்துவிட்டது, ஆனால் இன்னும் பால் வெட்டு நிறுத்தவில்லை. அதாவது கீழே கல்லும் வேரும் தெரியாது, மேலே சிரட்டை நிறையப் பால் இருக்கும். சோதனை ஓட்டத்துக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. மதியத்துக்கு மேல் போயிருந்தால் சிரட்டை காலியாக இருந்திருக்கும்.

760 மி.மீ. ஹேண்டில் எதற்கு? நான் ஓட்டுவது 700. எங்கள் வரிசையில் மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி இருக்கிறது, ஆனால் பிளாட்ஃபாரத்தில் போகும்போது மரத்தை ஒட்டித்தான் போகணும், வேறு பாதை இல்லை.

பால் பட்ட பிரேக் டிஸ்க்கை என்ன செய்தாய்? ஈரத் துணியால் துடைத்திருந்தால் தப்பு, அது தேய்த்துப் பூசினது மாதிரி ஆகும். நன்றாகக் காயவிட்டு உரித்தால் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் மாதிரி நூலாக உரிந்து வரும். அப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடை. பிரேக் பேடில் பட்டிருந்தால் கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கணும்.


தக்கலைப் பொடியன்
திங்கள், காலை 8.02

அக்கா ஒரு சந்தேகம், சிரிக்கக் கூடாது. டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றுகிற சீலன்ட்டும் ரப்பர் பால்தான் என்கிறார்கள். ஒரு சின்ன பாட்டில் என்ன விலை விற்கிறார்கள் தெரியுமா. எங்கள் சித்தப்பா வீட்டில் வாளி வாளியாகப் பால் இருக்கிறது. நேராக ஊற்றினால் என்ன?


விளைக்காரி
திங்கள், காலை 11.40

சிரிக்க மாட்டேன், ஏனென்றால் நான் ஊற்றிப் பார்த்திருக்கிறேன்.

மரத்திலிருந்து வருகிற பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். வெட்டி இறங்கிய நேரம் முதலே கிருமி வேலை செய்யத் தொடங்கும், புளிக்கும், சில மணி நேரத்தில் திரியும். அதனால்தான் ரப்பர் ஷீட் போடுகிறவர்கள் அன்றன்றே ஆசிட் விட்டு உறையவைத்துவிடுகிறோம். பாலாகவே விற்கிறவர்கள் அமோனியா சேர்ப்பார்கள், சேர்த்தால் திரியாது. நான் சும்மா பச்சைப் பாலை வடிகட்டி 100 மில்லி ஊற்றினேன். முதல் நாள் பிரமாதம். ஒரு முள் குத்தியது, உடனே அடைத்துக்கொண்டது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் வீலைச் சுற்றினால் உள்ளே ஏதோ உருள்கிற சத்தம். டயரைக் கழற்றினால் கோழிமுட்டை அளவில் ஒரு ரப்பர் பந்து. மீதி தண்ணீர். வாடை? ரப்பர் ஷீட் காயவைக்கிற புரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்க வேண்டாம்.

சரி, அமோனியா போட்ட பால் என்றால்? அமோனியா அலுமினிய ரிம்மை அரிக்கும். கடையில் விற்கிற சீலன்ட்டிலும் அடிப்படை இயற்கை ரப்பர் பால்தான், சிலவற்றில் அமோனியாவும் கொஞ்சம் உண்டு, ஆனால் சீக்கிரம் காயாமல் இருக்கக் கிளைகோல் என்கிற ரசாயனம் சேர்த்து, பெரிய ஓட்டையை அடைக்கத் தூளோ நாரோ சேர்த்து, பதம் பார்த்துச் செய்கிறார்கள். ஓட்டை வழியாகக் காற்று சீறும்போது பால் அங்கே ஓடிப்போய் உறைந்து அடைக்கிறது, மரத்தில் வெட்டுக்காயம் அடைபடுவதும் ஏறக்குறைய அதே வேலைதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும். நம் ஊர் மரம் தன் காயத்துக்கு வைத்திருந்த மருந்து.

விலை அதிகம்தான். ஆனால் பாட்டிலை வாங்கு. நம் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டயரைத் திறந்து பார், காய்ந்திருந்தால் புதிதாக ஊற்று.


வடசேரி வண்டிக்காரன்
திங்கள், மதியம் 1.15

பஞ்சர் கடையில் ஒரு ஒட்டுப் போட்டால் ஆறு மாதம் தாங்கும் எனக்கு. நீங்கள் பால் ஊற்றுங்கள்.


ஆரல்வாய்க் காற்று
திங்கள், மாலை 5.30

டிக் பற்றி எனக்குத் தெரியாது. டயரில் எவ்வளவு காற்று வைத்தீர்கள்? ஃபோர்க்கில்? லைட் வண்டி வாங்கின நண்பன் ஒருத்தன் 45 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு வந்து "கார்பன் ரொம்ப முரடாக இருக்கிறது" என்று ஃப்ரேமைத் திட்டினான்.

இன்னொன்று, ஆடி மாதம் லைட் வண்டியைத் தூக்கிக்கொண்டு முப்பந்தல் பக்கம் வந்துவிடாதீர்கள். இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டிவரும். காற்றாலைக்காரன் சும்மாவா அங்கே இடம் பிடித்தான்.


குளச்சல்காரன்
செவ்வாய், இரவு 9.25

ஆரல்வாய் அண்ணே, நானும் அதே முட்டாள்தனம் செய்தேன். முதலில் 35 வைத்தேன். வேர் மேல் ஏறும்போது பந்து மாதிரி துள்ளியது. அப்புறம் பின்னால் 23, முன்னால் 20. வேறு வண்டியே ஆகிவிட்டது. 2.25 இஞ்ச் டயர் வேரைச் சுற்றி அமுங்கிக் கவ்வுகிறது. பழைய வண்டியில் டியூப் இருந்ததால் இவ்வளவு குறைத்தால் ரிம் அடித்துப் பஞ்சராகும், இதில் அந்தப் பயம் குறைவு. உண்மையைச் சொன்னால் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பாதி டயரிலிருந்து வந்தது, ஃப்ரேமிலிருந்து இல்லை. இதைப் பழைய வண்டியிலேயே செய்திருக்கலாமோ என்று ராத்திரி ஒரு யோசனை வந்தது, அதை அப்படியே அமுக்கிவிட்டேன்.

ஃபோர்க்கில் நான் ஏறி நின்றால் 28 மி.மீ. இறங்குகிற மாதிரி காற்று வைத்திருக்கிறேன். 120-இல் கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே.

டிஸ்க் சுத்தமாகிவிட்டது, விளைக்காரி அக்கா சொன்ன மாதிரி பால் நூல் நூலாக உரிந்தது, உரிக்க ஒரு சுகம். புது பேடைப் பழக்க, தெருவில் வேகமாகப் போய் வீல் பூட்டிக்கொள்ளாமல் மெதுவாகப் பிடிப்பது, மறுபடியும் வேகம், மறுபடியும் பிடிப்பது என்று இருபது தடவை செய்தேன். எதிர்வீட்டுத் தாத்தா "பிரேக் பிடிக்கலையா மக்கா" என்று பத்துத் தடவை கேட்டார்.

டிக் போகவில்லை. நேற்று ராத்திரி கிராங்கைக் கழற்றி, பி.பி. கப் இரண்டையும் எடுத்து, துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டினேன். வலது கப் எதிர்த் திருகு என்பது மறந்து பத்து நிமிடம் தவறான பக்கம் முறுக்கினேன், அதை இங்கே எழுதியிருக்கவே கூடாது. பெடல், செயின்ரிங், ஹேங்கர், அச்சு எல்லாம் ஆயிற்று. இன்று காலை தோவாளை சானல் கரையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை! போய்விட்டது என்று நினைத்துத் திரும்பி வரும்போது ஒரு பாலத்து ஏற்றத்தில் டிக், டிக், டிக்.


நாகர்கோவில் நட்டுபோல்ட்டு
செவ்வாய், இரவு 9.50

சானல் கரை சமதளம். அங்கே உங்கள் காலில் பலமே போயிருக்காது. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உட்கார்ந்தா, நின்றா?


தக்கலைப் பொடியன்
செவ்வாய், இரவு 10.05

பிரஸ்ஃபிட் ஆக இருந்தால் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் சரியாகும் என்று ஒருவர் வீடியோவில் காட்டினார்.


நாகர்கோவில் நட்டுபோல்ட்டு
செவ்வாய், இரவு 10.09

தம்பி, அந்தச் சுத்தியலைக் கீழே வை. கார்பன் இழுவையைத் தாங்கும், நார் ஓடுகிற திசையில் இரும்பைவிட நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் விழுகிற ஒரு அடியைத் தாங்காது. அலுமினியம் சொட்டையாகும், நீ பார்த்துவிட்டு வருத்தப்படுவாய். கார்பன் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே அடுக்கு விட்டுவிடும், பார்க்கவே மாட்டாய். அதற்கென்று திருகி அமுக்குகிற கருவி இருக்கிறது, இல்லையென்றால் கடைக்குப் போ.


குளச்சல்காரன்
வியாழன், இரவு 8.40

கண்டுபிடித்தாயிற்று. நான் இல்லை, ஆசான்.

எங்கள் ஊரில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். சின்ன வயதில் எனக்கு முதல் வண்டிக்குப் பெண்டு எடுத்துக் கொடுத்தவர், எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்பன் வண்டியை அவரிடம் கொண்டுபோக எனக்கு ஒரு தயக்கம், இதெல்லாம் அவருக்குப் புதுசு என்று. போனேன். ஸ்டாண்டில் ஏற்றவே இல்லை. கடைக்குப் பக்கத்தில் கோவிலுக்குப் போகிற சந்து இருக்கிறது, நல்ல ஏற்றம். "ஏறு" என்றார். உட்கார்ந்து ஏறினேன், டிக் டிக். "இப்போ சீட்டை விட்டு எழும்பி மிதி." ஏறினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. கீழே நின்றுகொண்டு சாயாவைக் குடித்தபடி "உன் பி.பி.யில ஒண்ணுமில்ல, உன் பொறத்தாலதான் கோளாறு" என்றார். சந்து முழுக்கச் சிரித்தது.

நட்டுபோல்ட்டு அண்ணே, மன்னிச்சுக்கோங்க. ஞாயிறே கேட்டீர்கள்.

சீட் போஸ்ட்டை இழுத்தோம். வரவில்லை. கிளாம்பைத் தளர்த்திய பிறகும் வரவில்லை. ஆசான் சீட்டைப் பிடித்து மெதுவாக இடம் வலமாக அசைத்து அசைத்து, கால் மணி நேரம் போனது, ஒரு பல்லைப் பிடுங்குகிற மாதிரி, 'கிரீச்' என்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. போஸ்ட்டின் கீழ்ப் பாதி முழுக்க வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு தடவினது போல. விரலால் தேய்த்தால் அடியில் அலுமினியம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது. ஃப்ரேம் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், அங்கேயும் பொடி ஒட்டியிருக்கிறது, ஆனால் கார்பன் நன்றாக இருக்கிறது.

இத்தனைக்கும் போஸ்ட் மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பரிலேயே சீட்டோடு மாட்டி வைத்துவிட்டு மீதிப் பாகத்துக்காகக் காத்திருந்தேன். வண்டி நின்றது எங்கே? கடலைப் பார்த்த வராந்தாவில். கிரீஸும் இல்லை, கார்பன் பேஸ்ட்டும் இல்லை, உள்ளே வழுக்கக் கூடாது என்று காய்ந்த நிலையில் செருகினேன். அதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.


நாகர்கோவில் நட்டுபோல்ட்டு
வியாழன், இரவு 9.15

மன்னிப்பெல்லாம் எதற்கு. ஆசான் கையைத்தான் முத்தமிடணும். பல பேர் அதைக் குறடால் பிடித்துத் திருகி ஃப்ரேமையே கிழித்திருக்கிறார்கள்.

நடந்தது என்னவென்றால், கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் கடத்தும். இரண்டையும் ஒட்டவைத்து நடுவில் உப்புத் தண்ணீர் விட்டால் அது ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரியில் கரைந்துபோகிறது எப்போதும் அலுமினியம்தான், கார்பன் அப்படியே இருக்கும். கரைந்த அலுமினியம் ஆக்சைடாகி அந்த வெள்ளைப் பொடியாகிறது, பொடிக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும், அதனால் உள்ளேயே வீங்கி இறுகிக்கொள்கிறது. இறுகினாலும் நீங்கள் உட்கார்ந்து மிதிக்கும்போது போஸ்ட் நூலளவு வளையும், பொடி உடையும், டிக். 1980-களில் கார்பன் குழாயையும் அலுமினிய மூட்டையும் ஒட்டிச் செய்த ஃப்ரேம்கள் பல இந்த அரிப்பினால்தான் மூட்டு விட்டுப் போயின. இப்போதெல்லாம் உலோகம் தொடுகிற இடத்தில் நடுவே கண்ணாடி நார் அடுக்கு ஒன்று வைத்துக் கட்டுகிறார்கள், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் நீங்களாகச் செருகுகிற போஸ்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பை யார் தருவார்கள்.

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இதே தப்பைச் செய்திருந்தால் இரண்டு வருடம் தெரியாமல் ஓட்டியிருப்பீர்கள். நம் கடற்கரையில் ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை.

இனி செய்ய வேண்டியது: குழாய்க்குள் பொடியை ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம். பழைய போஸ்ட்டைத் தூக்கிப் போடுங்கள், குழி விழுந்த அலுமினியம் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது, முறிந்தால் எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதியது எதுவாக இருந்தாலும் கார்பன் பேஸ்ட் தடவிச் செருகுங்கள். அதில் நுண்ணிய மணல் மாதிரி துகள் இருக்கும், அது பிடிப்பைக் கூட்டும், அதனால் கிளாம்பை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டிய தேவை வராது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்குவதையும் அது தடுக்கும். மாதம் ஒரு தடவை உருவித் துடையுங்கள். ஃப்ரேமில் பாட்டில் கூடு மாட்டுகிற இடத்து அலுமினியத் திருகுகளையும் பாருங்கள், அங்கேயும் இதே நோய் வரும், வியர்வை வேறு அங்கேதான் சொட்டும்.


விளைக்காரி
வியாழன், இரவு 9.32

வராந்தாவிலிருந்து வண்டியை உள்ளே எடுத்து வை முதலில். ஓட்டிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் துடை. பைப்பைப் பிடித்துப் பீய்ச்சாதே, தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.


வடசேரி வண்டிக்காரன்
வெள்ளி, காலை 7.05

ஆக, ஒன்றே முக்கால் லட்சத்து வண்டியைச் சரிபண்ணினது சாயா குடித்துக்கொண்டிருந்த ஆசான்.

அது இருக்கட்டும். அந்த டயர் காற்று விஷயத்தைப் படித்துவிட்டு என் வண்டியில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். சந்தை ரோட்டுக் குழியில் முன்பு மாதிரி குலுங்கவில்லை. குலையும் அடிபடாமல் வந்தது. இதை நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம்.


தக்கலைப் பொடியன்
வெள்ளி, காலை 8.20

அண்ணே எழுதிட்டீங்களே!

குளச்சல் அண்ணே, அந்த வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத் தருவீர்களா? வாங்குகிற அளவுக்குக் காசு இல்லை, ஆனால் அந்த 'யோசிக்காமல் முன்னே போகிறது' என்பது என்னவென்று தெரியணும்.


குளச்சல்காரன்
சனி, இரவு 8.10

புது போஸ்ட் வந்தது. கடன் வாங்கி கார்பனே போட்டுவிட்டேன், 190 கிராம், 75 கிராம் குறைந்தது (வண்டிக்காரன் அண்ணாச்சி கணக்குப் போட வேண்டாம்). பேஸ்ட் தடவி, 5-இல் முறுக்கி, இன்று மாலை அதே கோவில் சந்தில் ஏழு தடவை உட்கார்ந்தே ஏறினேன். செயின் சத்தமும் என் மூச்சும்தான். ஆசானுக்கு ஒரு பொட்டலம் ரசவடை வாங்கிக்கொண்டு போனேன், வண்டியை ஒரு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் அறுபது வருடமாகப் பார்க்கிற பழைய வண்டிகளிலும் வலது கப் எதிர்த் திருகுதான் என்று சொன்னார். யார் போய் அவரிடம் சொன்னது?

பொடியா, நாளைக் காலை 5.30-க்கு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே வா. பறளியாற்றங்கரையில் இருந்து மேலே ஏறுகிற பாதையில் ஓட்டிப் பார். பாலம் 115 அடி உயரம், மேலே போய் ஓட்டலாமா என்று கேட்காதே, அங்கே நடக்கத்தான் இடம். ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும், அதற்குள் திருவட்டாறு வழியாகக் குலசேகரம் போய்விடலாம். வர நினைக்கிற எல்லாரும் வாங்க. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் போகிற எண்ணம் யாருக்கும் வேண்டாம், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது, யானைக்கு நம் பிரேக் எவ்வளவு நல்லது என்று தெரியாது.


விளைக்காரி
சனி, இரவு 8.35

குலசேகரம் என்றால் எங்கள் விளை வழியாகத்தானே வருவீர்கள். மரச்சீனியும் மீன்கறியும் இருக்கும். நாளைக்கு வெட்டு உண்டு, சிரட்டையெல்லாம் நிறைந்திருக்கும். ஹேண்டிலை என்ன செய்தாய்?


குளச்சல்காரன்
சனி, இரவு 8.41

வெட்டிவிட்டேன் அக்கா. டேப் சுற்றி, மூக்கில் துணி கட்டி, பிளேடில் தண்ணீர் விட்டுக்கொண்டே, பொடிப்பல் பிளேடால் இந்தப் பக்கம் 25, அந்தப் பக்கம் 25. இப்போது 710.


விளைக்காரி
சனி, இரவு 8.44

அப்போ வரலாம்.